குடும்பத்தார் உறுதி செய்த பச்சை

நோயல் டிரான்டர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், உல்வர்ஹாம்ப்டனுக்குப் போகவேண்டிய பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்டன் கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தினார். முன்னால் ஒரு பழைய ஆஸ்டின் கார் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். வெயிலில் வெளுத்துப்போன நீல வண்டி. டிக்கி மூடியின் ஓரத்தில் ரப்பர் கழன்று தொங்கியது, அதற்கடியில் வெயில் படாத அசல் நீலம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அதைப் பார்த்த மனுஷருக்கு ரூட்டாவது ஒன்றாவது. பஸ் நிறைய மார்க்கெட் பையோடு பெண்கள்.

"ஏம்ப்பா டிரைவரு, எங்கள எங்க இழுத்துட்டுப் போற? தேனிலவுக்கா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"போறதுதான் போற, கடற்கரைப் பக்கமா விடு," என்றாள் இன்னொருத்தி.

அவர் காதில் விழுந்தால்தானே! டிப்போவில் கூப்பிட்டுக் கண்டபடி ஏசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சுத்த நீலம் இல்ல சார், உள்ள கொஞ்சம் ஊதா ஓடுது. இத்தன நாளா நாங்க எல்லாரும் தப்பா அடிச்சிட்டிருக்கோம்," என்று மேலதிகாரியிடமே வருத்தப்பட்டுக்கொண்டாராம்.

அவர் சொன்ன "நாங்க", டிப்டன் சின்னக் கார் சங்கம். மெதடிஸ்ட் சர்ச்சின் பின்னறையில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுவார்கள். கட்டைவிரல் நீளத்துக்கு ஈயக் கலவையில் வார்த்த கார்கள். அசல் வண்டியை அளந்து, சுருக்கி, வார்த்து, அரத்தால் ராவி, பெயின்ட் அடிப்பார்கள். அளவு சரியா என்று எந்த மடையனும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். நிறம் அப்படி இல்லை. சங்கத்தில் நடந்த சண்டை அத்தனையும் நிறத்தால் வந்ததுதான். ஒரு பழுப்பு விஷயத்தில் இரண்டு மச்சான்மார் பேச்சு வார்த்தை இல்லாமல் போய், அவர்களில் ஒருவர் செத்தபோது மற்றவர் கல்லறைக்கு வந்தும் "அது தேன்கலர்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சண்டைகளுக்கெல்லாம் நோயல்தான் கடைசித் தீர்ப்பு. அவர் ஒரு பச்சையைப் பார்த்து மூக்கைச் சுளித்தால் அதைச் செய்தவர் வீட்டுக்குப் போய்ச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பார். சூப்பர் மார்க்கெட் வாசலில் ஊரான் காரின் பெட்ரோல் மூடியைத் திறந்து, உள்ளே நிறம் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஒரு தடவை போலீஸ்காரர் வந்து தோளில் தட்டினார். இத்தனைக்கும் சங்கத்து கிறிஸ்துமஸ் விருந்தில், "உம் பொண்டாட்டி கண்ணு என்ன கலர்?" என்று யாரோ கேட்டபோது, பழுப்பு என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரில் தன் சாம்பல் நிறக் கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பொரித்த பன்றித்தோல் பொட்டலத்தை அன்றைக்கு அவருக்குக் கொடுக்காமல் தானே தின்று முடித்தாள்.

இப்படிப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு நிறத்தில் பொய் சொன்னார். அது வளர்ந்து நின்று அவர் முகத்தைப் பார்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பெர்ஸி ஹாஜெட்ஸ் என்று டிப்டனில் ஒருவர் இருந்தார். கால்வாய்ப் படகுத் துறையில் ரிப்பேர் வேலை. போர் முடிந்த கையோடு, கிடைத்த தகடு, கிடைத்த எஞ்சின், ராணுவத்தார் விற்ற சக்கரம் எல்லாம் சேர்த்து வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு பந்தயக் கார் கட்டினார். பெயர் நத்தை. மேட்டில் ஏறும் பந்தயங்களில் நத்தை பெரிய வீட்டுப் பிள்ளைகளின் வண்டிகளையெல்லாம் மண் கவ்வ வைத்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது இன்றைக்கும் பெருமை. பெர்ஸி போனபின் வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ மறைந்தது.

நோயல் அந்த நத்தையைச் சின்னதாகச் செய்து டப்பாவில் போட்டு, பொம்மைச் சந்தையில் விற்கக் கிளம்பினார். அது அவருக்கு முதல் வார்ப்பு. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு பழைய பத்திரிகையில் மட்டும் "பச்சை" என்று ஒரு வார்த்தை இருந்தது. என்ன பச்சை? அந்தச் சமயம் பெரில் குளியலறைக்கு ஆப்பிள் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் மிச்சம் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ஈயத்தின் மேல் நன்றாகத்தான் உட்கார்ந்தது. சும்மா ஒன்றுக்கு அடிக்கப் போய், மொத்தத்துக்கும் அடித்துவிட்டார்.

அடித்து முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. பெர்ஸியின் மகள் மேவிஸ், கல்யாணமாகி மிஸஸ் பேக் ஆனவள், பக்கத்துத் தெருக்களில் ஒன்றில்தான் இருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவும் போனார். அவள் வீட்டு வாசலில் நின்று மணியில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அவள் வேறு நிறம் சொல்லிவிட்டால்? அத்தனை வண்டியையும் யார் சுரண்டுவது? சந்தை வேறு நெருங்கிவிட்டது. டப்பாவின் பக்கத்தில் அச்சடிக்கக் கொடுத்தபோது, கை தானாக எழுதியது: "நிறம் ஆப்பிள் பச்சை. குடும்பத்தார் உறுதி செய்தது."

அவ்வளவுதான். அதை அவரே மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

*

நத்தை திரும்பி வந்தது. ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணைக்காரர் வைக்கோல் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கினார். முன்னால் வைத்திருந்த எவனோ மணலை ஊதிப் பெயின்டையெல்லாம் உரித்துவிட்டிருந்தான். பொட்டு நிறம் மிச்சமில்லை. என்ன நிறம் அடிப்பது என்று பண்ணைக்காரர் சின்னக் கார் சங்கத்தின் செயலாளர் மால்கம் ஸ்ப்ராகைக் கேட்டார். மால்கம் கசாப்புக் கடை வைத்திருந்தவர். விரல் ஒவ்வொன்றும் தொத்திறைச்சி மாதிரி இருக்கும், ஆனால் அந்த விரலால் கண்ணிமை அளவு கதவுப்பிடி ஒட்டுவார். அவர் வேறெங்கும் தேடவில்லை. அலமாரியில் இருந்த நோயலின் நத்தையை எடுத்து, பஞ்சில் சுற்றி, பெயின்ட் கடைக்கு அனுப்பிவைத்தார். கடைக்காரன் அதன் நிறத்தை மிஷினில் படித்து, டின் டின்னாகக் கலக்கிக் கொடுத்தான்.

உள்ளூர் மோட்டார் மியூசியத்தில் திரை விலக்கினார்கள். நோயலுக்கு முன்வரிசையில் நாற்காலி, கோட்டில் பூ. பக்கத்து நாற்காலியில் மேவிஸ், எழுபது தாண்டியவள், நீலத் தொப்பியோடு. அவளுக்கப்புறம் அவள் மகன் க்ளைவ், லாரி ஓட்டுகிறவன், தூக்கம் கெட்ட முகம்.

திரை விலகியது. எல்லாரும் கை தட்டினார்கள். நோயலின் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் வீட்டுக் குளியலறை நான்கு சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது.

மேவிஸ் எழுந்து கிட்டே போனாள். சுற்றி வந்தாள். "இது எங்கப்பா வண்டி இல்ல," என்றாள்.

கூட்டம் சிரித்தது, அந்தம்மா விளையாடுகிறாள் என்று. க்ளைவ் சிரிக்கவில்லை. "அம்மா, வா. வந்து உக்காரு."

"வண்டி அதுதான்டா. ஸ்டீயரிங்ல எங்கப்பா சுத்தின சணல் கூட இருக்கு. ஆனா இந்தக் கலர் இல்ல. இது... இது ஏதோ மிட்டாய் மாதிரி இருக்கு."

மால்கம் சின்ன நத்தையின் டப்பாவோடு ஓடி வந்தார். தங்கமான மனுஷர், யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். அதனால்தான் அப்படிப் புண்படுத்தினார். "மேவிஸ், கண்ணு, நீங்க சொல்லித்தான இந்தக் கலரே எங்களுக்குத் தெரிஞ்சுது. அந்தக் காலத்துலயே நோயல்கிட்ட சொல்லியிருக்கீங்க. டப்பாவுலயே போட்டிருக்கு பாருங்க, குடும்பத்தார் உறுதி செய்ததுன்னு."

"நானா சொன்னேன்?"

"வேற யாரு குடும்பத்துல இருக்கா?"

மேவிஸ் டப்பாவை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள். திருப்பிப் படித்தாள். பிறகு தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, "அப்ப சொல்லியிருப்பேன்," என்று மெல்லச் சொன்னாள். க்ளைவைப் பார்த்தாள். க்ளைவ் தரையைப் பார்த்தான். ஏற்கெனவே இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்திருந்தாள். டாக்டர் ஏதோ ஞாபகப் பரீட்சை வைத்திருந்தார். செட்ஜ்லியில் ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றித் தாயும் பிள்ளையும் பேசாமல் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

எல்லாரும் நோயலைப் பார்த்தார்கள், அவர் ஆமாம் என்று சொல்வார் என்று. நோயல் வாயைத் திறந்தார். "ரொம்ப நாளாச்சு," என்றார்.

*

பெரில் வீட்டுக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அது நம்ம பழைய பாத்ரூம் கலரு."

"ம்."

"அந்த மியூசியத்துல நிக்கறப்ப எனக்கு பல் வெளக்கணும் போல இருந்துச்சு நோயல். நம்ம பாத்ரூம் கலரப் பத்தி அந்தப் பொம்பள உங்கிட்ட எப்ப பேசினா?"

நோயல் சொன்னார். மணியில் விரல் வைத்தது, எடுத்தது எல்லாம். பெரில் கேட்டுவிட்டு, கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். டீ போட்டாள். ஒரு கோப்பை மட்டும் போட்டாள், தனக்கு.

"நாளைக்கே போய்ச் சொல்லு."

"சும்மா போய்ச் சொன்னா யாரு நம்புவா? சரியான கலரக் கண்டுபிடிச்சிட்டுச் சொல்றேன். கையில ஒண்ணு இருக்கணுமில்ல."

"கைக்கு ஒண்ணு வேணுமா, காலுக்கு ஒண்ணு வேணுமா. வாயிருந்தா போதும்."

ஆனால் அவர் ஆசாமி அப்படி. பொய்யை ஒத்துக்கொள்வதை விடப் பச்சையைத் தேடுவது அவருக்குச் சுலபம். கொட்டகையில் உட்கார்ந்து ஸ்பூன்களுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்.

சங்கத்தார் எல்லாரும் நிறத்தை பிளாஸ்டிக் ஸ்பூனில்தான் சோதிப்பார்கள். அட்டையில் அடித்துப் பார்த்தால் தட்டையாக ஏமாற்றும். ஸ்பூனின் முதுகு மட்கார்டு மாதிரி வளைந்திருப்பதால் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று தெரிந்துவிடும். டிப்டனில் எந்தப் பிறந்தநாள் விருந்திலாவது ஐஸ்கிரீமுக்கு ஸ்பூன் காணவில்லை என்றால், சங்கத்து ஆள் எவனோ வந்துபோயிருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு கத்தைப் பச்சை ஸ்பூன்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு மேவிஸ் வீட்டு மணியை அழுத்தினார். இந்தத் தடவை அழுத்தியே விட்டார். "சங்கத்துல இருந்து வர்றேன், மிஸஸ் பேக். சும்மா, கலர் விஷயமா ஒரு சின்ன சந்தேகம்." உண்மையைச் சொல்லத்தான் போனார். அவள் பிஸ்கட் தட்டை நீட்டியதும், சொல்வதை விட்டுவிட்டு இரண்டை எடுத்துத் தின்றார்.

"எங்கிட்ட ஏன் தம்பி கேக்கறீங்க? நான் அப்ப ஒண்ணு சொல்லியிருக்கேன், இப்ப ஒண்ணு சொல்றேன். என் பேச்ச நானே நம்பறதில்ல."

"சும்மா பாருங்களேன்."

சமையலறை மேசையில் ஸ்பூன்களைப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கடைசி ஸ்பூனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் பால் ஊத்தின மாதிரி இருக்கு. ஒண்ணுகூட... இத்தன பச்சையில ஒண்ணுகூட எனக்குத் தெரியலயே." எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஒன்றும் கழுவாமல் மூடினாள். "க்ளைவ் சொல்றது சரிதான் போல. கண்ணு முன்னால நிக்கிறது எங்கப்பா வண்டி. அது என்ன கலர்னு தெரியல. நாளைக்கு க்ளைவையே தெரியலன்னா?"

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். நோயல் ஸ்பூன்களைப் பொறுக்கிக் கட்டினார். தெருவுக்கு வந்தபின்தான் தொப்பியை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. போய் எடுக்கவில்லை.

*

அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெரில் கறி உருண்டையும் பட்டாணியும் வைத்தால் கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருப்பார். கொட்டகையே கதி. பச்சைக்கு மேல் பச்சை. ஒருநாள் பெரில் டீயோடு (இப்போது இரண்டு கோப்பை) உள்ளே வந்து, அவர் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை, கறுப்பு, கொஞ்சம் நீலம். கடைசியில் வெள்ளை டின்னைத் திறந்து இரண்டு சொட்டு.

"அது எதுக்கு வெள்ள?"

"எப்பவும் ஊத்தறதுதான். சின்னதுல அடிச்சா கலர் கறுத்துக் காட்டும். பெரிய வண்டிக்கு அடிச்சதையே கட்டவெரல் வண்டிக்கு அடிச்சா அடுப்புக்கரி மாதிரி ஆயிடும். அதனால நாங்க எல்லாரும் ரெண்டு சொட்டு..."

"அந்தம்மா பாத்தது கட்டவெரல் வண்டியவா?"

நோயல் வெள்ளை டின்னைப் பார்த்தார். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கை தானாகச் செய்கிற காரியம் அது. குழந்தையாக இருந்தபோது நிஜ வண்டிக்குள் ஏறி விளையாடியவளிடம், பொம்மைக்குப் பால் ஊற்றிய நிறங்களைக் கொண்டுபோய்க் காட்டி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் பால் ஊற்றின மாதிரி இருக்கிறது என்று சொன்னாளே! சரியாகச் சொன்னாளே! சொல்லிவிட்டுத் தன் புத்தி கெட்டுவிட்டதென்று முடிவு கட்டிக்கொண்டாள்.

"கடவுளே," என்றார் நோயல். சர்ச் பின்னறையில் அத்தனை வருஷம் கூடியும் அவர் வாயில் அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

வெள்ளை இல்லாமல் ஒரு கத்தை அடித்தார். காய்ந்தும் காயாததுமாகத் தூக்கிக்கொண்டு போனார். மேவிஸ் கதவைத் திறந்தவள், "தொப்பிக்கா?" என்றாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி நேராக மேசைக்குப் போய் ஸ்பூன்களைக் கொட்டினார்.

அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். கறுப்புக்கு ஒரு வீடு தள்ளி இருக்கும் பச்சை. உள்ளே நீலம் கிடக்கும்.

"இதுதான்."

"நல்லாப் பாருங்க."

"என்னத்தப் பாக்கறது? படகுப் பச்சை. எங்கப்பா துறையில இருந்து தூக்கிட்டு வந்தாரு. ஒரு டின்னுதான் தேத்த முடிஞ்சுது. பத்தலைன்னு அடுப்புப் புகைக்கரிய எண்ணெயில கொழைச்சுக் கலந்தாரு. நான்தான் கிண்டினேன். கிண்டறப்ப ஸ்கூல் கவுன்ல கொட்டிடுச்சு. எங்கம்மா அடிச்சா பாருங்க, இன்னைக்கும் எடது தொட எரியுது." தொடையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அந்த வீட்டில் நோயல் பார்த்த முதல் சிரிப்பு.

அவர் ஸ்பூன்களையெல்லாம் மேசைக்கடியில் கலைத்து, மறுபடி விரித்தார். அதையே எடுத்தாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றி வைத்தார். அதையே எடுத்தாள்.

"என்ன தம்பி, சீட்டு வித்தையா?"

"மிஸஸ் பேக், நான் உங்களக் கேக்கவே இல்ல."

"என்னது?"

"அப்ப. டப்பாவுல போட்டேனே, குடும்பத்தார் உறுதி செய்ததுன்னு. நான் உங்கள வந்து கேக்கவே இல்ல. நீங்க எதுவும் சொல்லல. அது எங்க வீட்டு பாத்ரூம் பெயின்ட்டு. மணியடிக்க வந்தேன். அடிக்காமப் போயிட்டேன்."

மேவிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஸ்பூன் கையிலேயே இருந்தது. பேசியபோது "தம்பி" போயிருந்தது, "நீங்க"வும் போயிருந்தது.

"நீ போன தடவ வந்தப்ப இங்கதான உக்காந்த?"

"ஆமா."

"நான் அழுதத பாத்துட்டுத்தான போன?"

"ஆமா."

"நீ போனப்புறம் க்ளைவுக்கு நான்தான் போன் பண்ணேன். வீட்ட வித்துருடான்னு நான்தான் சொன்னேன். அவன் வேணாம்மா, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னான். நான்தான் புடிவாதமா கையெழுத்துப் போட்டேன். எங்கப்பா வண்டியே தெரியாதவளுக்கு அடுப்பு எதுக்கு, வீடு எதுக்குன்னு." ஸ்பூனை அவர் பக்கம் நீட்டினாள். "பிஸ்கட் தின்னியே. ரெண்டு தின்ன. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

தொப்பி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

*

செவ்வாய்க்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர் இருமினார். மால்கம் அவர் தோளில் கை வைத்து, "நோயல், உம் மனசு எங்களுக்குத் தெரியாதா? அந்தம்மாவுக்காகப் பழிய நீ ஏத்துக்கற," என்றார். சிலருக்குக் கண் கலங்கியது. நோயலுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"டேய் மால்கம், நான் நல்லவன் இல்லடா!"

"இதச் சொல்றதுக்கே நல்ல மனசு வேணும்."

கடைசியில் மால்கமையும், தான் வரச்சொல்லி வந்திருந்த க்ளைவையும், அவன் லாரியிலேயே தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். பெரில் பின்னாளில் குளியலறைக்குப் பீச் பழ நிறம் அடித்திருந்தாள். ஆனால் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிரஷ் போகாத இடம் ஒன்று உண்டு. சின்ன அறைக்குள் மூன்று தடியர்கள். நோயல் மண்டிபோட்டு டார்ச் அடித்தார். மால்கம் குளிக்கும் தொட்டிக்குள் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஆப்பிள் பச்சை, புத்தம்புதுசாக.

"தத்ரூபம்!" என்றார் மால்கம். அவர் குரல் உடைந்தது. "வீட்டுச் சுவருக்கே நத்தையோட கலரை அடிச்சிருக்கியே நோயல்! இப்படி ஒரு பக்தியா!"

வாசலில் நின்ற பெரில், "இந்தாளத் தண்ணியத் தெறந்து நனைச்சு விடுங்க," என்றாள்.

க்ளைவ் மட்டும் வேறு மாதிரி பார்த்தான். டார்ச்சை வாங்கி, சுவரை ஒரு தடவை பார்த்தான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

"எங்கம்மா தப்பா சொல்லல."

"இல்ல."

"பத்திரம் கைமாறிடுச்சு. வாங்கினவங்க திங்கக்கெழம குடி வர்றாங்க. எங்கிட்ட இருக்கறது ஒரு ரூம். நான் பாதி ராத்திரி ரோட்டுல கெடக்கறவன்." டார்ச்சை அணைத்து நோயல் கையில் கொடுத்தான். "அடுப்ப மறந்தது நெசம்தாங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா அத அவங்க பெரிசா எடுத்துக்கல. உங்க டப்பாவப் படிச்சப்புறந்தான் பயந்தாங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவன் படியிறங்கிப் போய், லாரியைக் கிளப்பாமல் அதற்குள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்ததை நோயல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மியூசியத்தில் நத்தை இன்றும் ஆப்பிள் பச்சையாகத்தான் நிற்கிறது. பண்ணைக்காரர் திரும்ப அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பச்சையில் தபால் அட்டை விற்கிறார்கள், டீக் கோப்பை விற்கிறார்கள்.

*

செட்ஜ்லி இல்லத்துக்கு நோயல் வியாழக்கிழமைகளில் போகிறார். முதலில் சில வாரங்கள் மேவிஸ் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்புறம் ஒரு நாள் உள்ளே விடச் சொன்னாள், திட்டுவதற்கு. திட்டு முடிந்ததும், "எங்கப்பா வண்டியச் சரியா அடிச்சு எடுத்துட்டு வா. அந்த ஸ்பூன் கலர்ல," என்றாள்.

அடித்தார். முடிக்கும்போது பழக்கத்தில் கை வெள்ளை டின்னுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டார். கொண்டுபோய்க் கொடுத்தபோது, "சின்னதா இருக்கறதால கொஞ்சம் கறுப்பாத் தெரியும். நீங்க சொன்னீங்கன்னா ரெண்டே சொட்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு சொட்டு ஊத்தின, கைய ஒடிச்சிருவேன்."

ஜன்னல் விளிம்பில் அதை வைத்திருக்கிறாள். அறைக்குள் நுழைகிறவர்களுக்கு அது ஒரு கரித்துண்டு. சங்கத்து ஆட்கள் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். மத்தியானம் வெயில் ஜன்னலுக்கு வரும்போது மட்டும் அதன் முதுகில் படகுப் பச்சை கொஞ்ச நேரம் எழுந்து, பிறகு அடங்கும்.

ஒவ்வொரு வியாழனும் அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் கேட்பாள்:

"டிரான்டர், டப்பாவுல போடறதுக்கு முன்ன நீ என்னக் கேட்டியா?"

"இல்ல. கேக்கல."

"ம். அப்ப என் ஞாபகம் சரியாத்தான் இருக்கு." அதன் பிறகுதான் டீ வரும், உட்காரச் சொல்வாள், இல்லத்து நர்ஸ்களைப் பற்றியும் அடுத்த அறைக் கிழவரின் பல்செட்டைப் பற்றியும் வம்பு ஆரம்பமாகும். நன்றாகத்தான் பேசுவாள். அவருக்கும் சில சமயம் சிரிப்பு வரும்.

போன வாரமும் கேட்டாள். அவரும் சொன்னார். டீ வந்தது. பல்செட் கதை பாதியில் நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டிரான்டர், டப்பாவுல போடறதுக்கு முன்ன நீ என்னக் கேட்டியா?"

நோயல் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டுமென்றே சீண்டுகிறாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று அந்த முகத்தில் தேடினார். எத்தனையோ வண்டிகளில் வெயில் படாத விளிம்பைக் கண்டுபிடித்த கண் அவருடையது. இங்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"இல்ல," என்றார், முதல் தடவை சொல்கிற மாதிரியே. "நான் கேக்கவே இல்ல."

"ம்," என்றாள் மேவிஸ். "அப்ப என் ஞாபகம் சரியாத்தான் இருக்கு."